டெல் ஹார்க்கினின் அஞ்சு

நான் டொரொண்டோ போனது ஒரு சாக்கினால். சாக்கு என்னுடையதுகூட இல்லை. போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள்தான் அது சாக்கு என்றே எனக்குத் தெரிந்தது.

சென்னையில் எனக்கு நோட்டேஷன் எழுதும் வேலை. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு, ஐந்து கோட்டுக்குள் அடைத்துக் காகிதத்தில் கொடுப்பேன். வேறு யாராவது அதைப் பார்த்து அப்படியே வாசிப்பார்கள். முப்பது வருடமாக இதுதான் சோறு போடுகிறது. டெல் ஹார்க்கின் என்ற பெயரை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. கனடாவில் பெரிய கன்ட்ரி பாடகராம். தொப்பி, பூட்ஸ், லாரி ஓட்டுபவர்களின் கண்ணீர் என்று நாற்பது வருடத்துக்கு மேல் பாடிவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்று வாசித்த நான்கு பேர் இன்னும் சனிக்கிழமை மத்தியானங்களில் டொரொண்டோவின் பார்க்டேல் பகுதியில் ஒரு மதுக்கூடத்தில் அவர் பாட்டுகளை வாசிக்கிறார்கள்.

டெல்லின் மகள் கோரின் அந்தப் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பாடக் கிளம்புவதாக இருந்தாள். அடுத்த வார வியாழக்கிழமை பஸ். கிழவர்கள் நால்வரும் வேண்டாம், இளம் ஆட்களைப் பிடித்தாயிற்று. ஆனால் கிழவர்களின் சத்தம் மட்டும் வேண்டும். அதைக் காகிதத்தில் இறக்கிக் கொடுக்கத்தான் நான். பன்னிரண்டு பாட்டு, இந்தச் சனிக்கிழமைக்குள்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் தவராசா கையில் ஒரு குளிர் ஜாக்கெட்டோடு நின்றார். நால்வரில் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபத்தைந்து வயதிருக்கும், மீசை மட்டும் கறுப்பு. "வணக்கம் சார்" என்றேன்.

"சாரோ? நான் என்ன பள்ளிக்கூட வாத்தியோ? தவமண்ணை எண்டு கூப்பிடும். முதல்ல உந்த ஜாக்கெட்டைப் போடும், வெளியில மைனஸ் பன்ரெண்டு."

ஜாக்கெட் முழங்கால் வரை வந்தது. வேனில் ஏறி உட்கார்ந்ததுமே நான் ஆரம்பித்துவிட்டேன். எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது, வாயும் அப்படித்தான். "இன்னைக்கே ரெண்டு பாட்டு முடிச்சிடலாமா அண்ணை?"

"சாப்பிட்டிட்டுக் கதைப்பம்" என்றார்.

அடுத்த ஒன்றரை நாளில் இந்த வாக்கியத்தைப் பதினேழு தடவையாவது கேட்டிருப்பேன்.

ஸ்காபரோவில் பதினோராவது மாடியில் வீடு. அவர் மனைவி ராணி அக்கா இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி என்று மேசையை நிரப்பிவிட்டார். எங்கள் திருநெல்வேலியில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில்தான். இங்கே சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கே சொதி. கூடத்தின் மூலையில் மேசைபோல நான்கு காலில் ஒன்று நின்றது. மேலே போர்வை, போர்வைக்கு மேலே மடித்த துணிகள். ஸ்டீல் கிட்டார் என்பது அப்படித்தான் இருக்கும்: படுக்கப்போட்ட கிட்டார், கம்பிகளின் மேல் வழுக்கிப் போக ஓர் இரும்புத்துண்டு, அடியில் காலால் மிதிக்க நாலைந்து பெடல்கள். நான் அதையே பார்த்தேன். நான் பார்ப்பதைத் தவமண்ணை பார்த்தார்.

"ஆறுதலாச் சாப்பிடும்" என்றார்.

புதன்கிழமை அவர் என்னை ஒரு பிளாசாவுக்குக் கூட்டிப்போனார். புடவைக்கடை, நகைக்கடை, வக்கீல், கொத்து ரொட்டிக் கடை எல்லாம் ஒரே வரிசையில். சென்னையில் ஒரே இடத்தில் இத்தனை தமிழ்ப் பலகைகளை நான் கண்டதில்லை. ரோல்ஸ் வாங்க நின்ற இரண்டு பெண்பிள்ளைகள் மூச்சுவிடாமல் இங்கிலீஷில் பேசிவிட்டு, முடிக்கும்போது மட்டும் "அம்மா கத்துவா" என்று தமிழுக்கு வந்தார்கள். தவமண்ணை முடி வெட்டிக்கொண்டார். எனக்கும் வெட்ட வைத்தார். பார்த்தவர்களிடமெல்லாம் "இந்தியாவில இருந்து வந்திருக்கிறார், எங்கட பாட்டெல்லாம் எழுதப்போறார்" என்று அறிமுகம் செய்தார். ஒவ்வொருவரும் பாலில்லாத ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்கள். மாலை நான்கு மணிக்கு என் கணக்கில் ஆறு டீ, ஒரு ஸ்வரம் இல்லை. பொறுமை போய்விட்டது.

வீடு திரும்பியதும் அவர் வேனை நிறுத்தக் கீழே இருந்துவிட்டார். ராணி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்டு சொல்லட்டே? உம்மை வரச் சொன்னதே நீர் வரமாட்டீர் எண்டுதான். 'நான் வாசிக்கிறதைத் தமிழிலதான் விளங்கப்படுத்துவன், தமிழ் தெரிஞ்ச ஆள் எழுதட்டும்' எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொன்னவர். அப்பிடி ஒரு ஆள் உலகத்திலயே இல்லை எண்டு நினைச்சிட்டார். அவள் ஒரு கிழமையில உம்மைப் பிடிச்சிட்டாள். நீர் எழுதி முடிச்சா இவை நாலு பேரும் இஞ்சதான் நிக்கோணும்."

எனக்குச் சுருக்கென்றது. எழுதுகிற பென்சிலால் யாருக்கும் கெடுதல் வரும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. ஒருத்தர் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்க, அவர் வீட்டிலேயே சொதி சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் காலை நேராகவே சொன்னேன். "அண்ணை, நான் எழுதலைன்னா வேற எவனாவது ரெக்கார்டைக் கேட்டு எழுதுவான். தப்பும் தவறுமா எழுதுவான். அதுக்கு நான் பரவாயில்ல."

 அவர் கிட்டாரின் மேல் இருந்த துணிகளை எடுத்துச் சோபாவில் வைத்தார். "இண்டைக்கு ரிஹர்சல் இருக்கு. வாரும்."

வேன் அன்று பார்த்துக் கிளம்பவில்லை. பனியில் பேட்டரி செத்துவிட்டது. ஒரு தையல் மெஷினைப் பெட்டிக்குள் அடைத்தது போன்ற கனம் அந்தக் கிட்டார். ஆளுக்கொரு பிடியைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, சுரங்க ரயிலில் ஏற்றி, கடைசியில் டிராமில் ஏற்றினோம். எதிரே இருந்த கிழவி பெட்டியைத் தடவிப் பார்த்து, "உள்ளே யார்?" என்று கேட்டாள். பார்க்டேலுக்கு நாலு நிறுத்தம் இருக்கும்போது யாரோ ஒருவன் தண்டவாளத்தின் மேல் காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். டிராம் ஓட்டுநர் பத்து நிமிடம் மணியடித்தார். பிறகு எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார். ஒருவரும் ஒரு வார்த்தை திட்டாமல் இறங்கி நடந்தார்கள். எங்கள் ஊரென்றால் நாலு பேர் சேர்ந்து அந்தக் காரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வாரம் பேசியிருப்போம். நாங்கள் பெட்டியோடு பனியில் வழுக்கி வழுக்கிப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு விரல் பத்தும் மரத்துப்போயிருந்தது.

மதுக்கூடம் பகலில் காலியாக இருந்தது. டிரம்ஸ்காரர் கோர்ட், எழுபத்து நாலு வயது, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மற்ற இருவரும் தலையாட்டிவிட்டு ட்யூன் பண்ணப் போய்விட்டார்கள். ஒரு தட்டுக் கோழி இறக்கையை என் பக்கம் தள்ளிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். நான் பென்சிலைக் கூராக்கினேன்.

நன்றாக இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். தவமண்ணை அந்த இரும்பை இழுத்தால் கம்பி மனிதக் குரல்போலக் குழைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவருக்குக் காட்டாமல் கோழியைக் கடித்தேன். பாதிப் பாட்டில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தவமண்ணை தலையைத் தூக்கினார். "நாலு!" என்றார். நால்வரும் ஒன்றாக வேறு இடத்துக்குப் போனார்கள். இன்னும் கொஞ்சம் போனதும் கோர்ட் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து "ஆறு!" என்று கத்தினார். கடைசியில் கிட்டார்க்காரர் "ஒண்டு!" என்றார்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

நாம் ச, ம, ப என்று சொல்வதை அவர்கள் ஒன்று, நாலு, ஐந்து என்று எண்ணால் சொல்வார்கள். அது உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். ஆனால் பார்க்டேலில் மூன்று வெள்ளைக்காரக் கிழவர்கள் அதை யாழ்ப்பாணத் தமிழில் சொல்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

விளக்கம் சொன்னவர் கோர்ட். டெல் மேடையில் பாட்டை நடுவில் நிறுத்திக் கதை சொல்வாராம். எத்தனை சுற்று என்பது அவர் இஷ்டம். கதை முடிந்ததும் அடுத்த எண்ணைக் கூப்பிடுவார், எல்லோரும் அங்கே போக வேண்டும். "கூட்டத்தின் இரைச்சலில் ஃபோரும் ஃபைவும் ஒன்றுபோலக் கேட்கும். ஒரு கல்யாணத்தில் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே போய்விட்டோம். மணப்பெண் அழுதுவிட்டாள். தவம் அப்போதுதான் புதிதாக வந்தவன். தனக்குள் ஏதோ எண்ணிக்கொண்டே வாசிப்பான், ஒருபோதும் தவறமாட்டான். டெல் அதைக் கவனித்தார். நாலு, அஞ்சு. எவ்வளவு இரைச்சலிலும் குழப்பமே வராது. அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் அப்படித்தான். மற்ற குழுக்கள் திருடிவிடும், வெளியே மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினார்."

"அப்போ ஒண்ணு, நாலு, அஞ்சு..." என்று நான் குறித்துக்கொண்டேன்.

"ஒண்ணு இல்லை. ஒண்டு" என்று கோர்ட் திருத்தினார். "நீ எந்த ஊர்? தமிழ் சரியாகப் பேசத் தெரியவில்லையே."

தவமண்ணை அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார். மாலைக்குள் ஒன்பது பாட்டு எழுதி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை கோரின் தன் காரில் என்னை மிசிசாகாவுக்கு அழைத்துப்போக வந்தாள். அங்கேதான் அவளுடைய இளம் குழு பயிற்சி செய்கிறது. ஐம்பதை நெருங்குபவள், ஆபீஸ் கோட்டு, தொப்பியும் இல்லை பூட்ஸும் இல்லை. எனக்கு ஒரு காபி வாங்கித் தந்தாள். இரண்டு பங்கு கிரீம், இரண்டு பங்கு சர்க்கரை, பாயசம் மாதிரி இருந்தது. பேசுவதற்கு நல்லவளாகத்தான் இருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"அவங்களையே கூட்டிட்டுப் போகலாமே" என்பதை என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டுவிட்டேன்.

"நான் பாடினால் அவர்கள் காத்திருக்கிறார்கள்" என்றாள். "பாட்டில் நான் அடுத்த இடத்துக்கு நகர்ந்த பிறகும் நால்வரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு தவம் தலையாட்டினால்தான் நகர்வார்கள். நீ உன் அப்பா இல்லை என்று சொல்லிக்காட்டுகிறார்கள்." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பேசினாள். "நீங்கள் அவர்களோடு இரண்டு மூன்று நாள் இருந்திருக்கிறீர்கள். அவள் யார் என்று யாராவது சொன்னார்களா?"

"எவள்?"

காரின் ஸ்பீக்கரில் டெல்லின் பழைய மேடைப் பதிவு ஒன்றைப் போட்டாள். பின்னால் தவமண்ணையின் கம்பி அழுதது. டெல் ஏதோ கதை சொன்னார், கூட்டம் சிரித்தது, பிறகு அடங்கியது. அந்த அமைதியில் டெல் குரல் உடைய, கெஞ்சுவதுபோல ஒரு வார்த்தை சொன்னார்.

"அஞ்சு."

"அதுதான்" என்றாள் கோரின். "என் அப்பாவின் எல்லா மேடைப் பதிவிலும் அவள் பெயர் இருக்கிறது. ரசிகர்கள்கூடச் சேர்ந்து கத்துவார்கள். எனக்கு எட்டு வயதில் அம்மா அப்பாவிடம் கேட்டாள், யார் இந்த அஞ்சு என்று. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா சிரித்தார். 'அஞ்சு இல்லாமல் நான் வீடு வந்து சேரமாட்டேன்' என்றார். மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வடக்கே தன் சொந்த ஊருக்குப் போய்விட்டாள். வேறு காரணங்களும் இருந்திருக்கும். எனக்குச் சொல்லப்பட்டது இதுதான். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் ஓர் இந்தியப் பெண், பெயர் அஞ்சு. ஒரு வருடம் நான் அவளோடு பேசவில்லை. அந்த நால்வருக்கும் எல்லாம் தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை."

என் வாயில் எதுவும் நிற்காது என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு. அன்று அது நல்லதற்கா கெட்டதற்கா என்று யோசிக்கவே எனக்குத் தோன்றவில்லை. கையை விரித்து அவள் முன்னால் நீட்டினேன்.

"ஐந்து" என்றேன். "அது தமிழில் ஐந்து. ஃபைவ். பாட்டில் அடுத்துப் போக வேண்டிய இடம்."

அவள் அடுத்த வளைவில் திரும்பி ஒரு கடையின் வாசலில் காரை நிறுத்தினாள். நான் நோட்டேஷன் காகிதத்தின் பின்பக்கம் ஒண்டு, நாலு, அஞ்சு என்று எழுதி, எண்களைப் பக்கத்தில் போட்டேன். டெல்லின் பாட்டையே பாடிக் காட்டினேன்: இங்கே நாலு, இங்கே அஞ்சு, அஞ்சுக்குப் போனால்தான் பாட்டு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும், வீடு சேரும். பாதியில் நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. நிறுத்திக்கொண்டேன். டெல் பொய் சொல்லவில்லை, பாவி மனிதர் வேலைப் பேச்சைப் பேசியிருக்கிறார். நால்வரும் அவள் முகத்தையே பார்த்து நின்றதும், டெல்லைப்போல அவளும் எண்ணைக் கூப்பிடுவாள் என்றுதான்.

கோரின் அழவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருந்த பனிப்படலத்தைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அம்மாவிடம் இதைச் சொல்ல இனி வழி இல்லை" என்றாள். பிறகு காரைக் கிளப்பி மிசிசாகாவுக்கு விட்டாள். அங்கே இளம் ஆட்கள் என் காகிதத்தைப் பார்த்து ஒரு புள்ளி பிசகாமல் வாசித்தார்கள். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போகலாம்போல இருந்தது.

மாலை சாப்பாட்டு மேசையில் தவமண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராணி அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். தவமண்ணை கையில் இருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்தார்.

"அஞ்சு ஒரு பொம்பிளை எண்டோ?"

"ஆமா அண்ணை. நாற்பது வருஷமா."

"உந்தப் பிள்ளை சின்னனா இருக்கேக்க ஒவ்வொரு சனியும் வரும். நான் இனிப்பு ரொஃபி நீட்டுவன். முதல்ல வாங்கினவள், பிறகு லீவில தகப்பனிட்ட வரேக்க ஒரு நாளும் வாங்கேல்லை. வெள்ளைக்காரப் பிள்ளை, எங்கட கையால வாங்காது எண்டு நினைச்சிட்டு நானும் விட்டிட்டன்." கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "அவளிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் தம்பி. நான் கேக்கேல்லை."

சனிக்கிழமை மத்தியானம் மதுக்கூடம் நிரம்பியிருந்தது. பெரும்பாலும் நரைத்த தலைகள், நாலைந்து தொப்பிகள். கோரின் கிழவர்களோடு பாடும் கடைசி நாள் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தார்கள். அவள் வந்தாள், தவமண்ணைக்குத் தலையாட்டினாள், அவர் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் கோர்ட் குச்சியைத் தட்டிவிட்டார். நான் மூலை மேசையில் என் நகல்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழெட்டுப் பாட்டுகள் காகிதத்தில் உள்ளபடியே போயின. அவள் நகர்வாள், அவர்கள் அவளைப் பார்ப்பார்கள், தவமண்ணை தலையாட்டுவார், அவர்கள் நகர்வார்கள். எனக்குக் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

அந்த மேடைப் பதிவில் கேட்ட பாட்டு வந்தது. டெல் கதை சொல்லும் இடத்தில் கோரின் பாடுவதை நிறுத்தினாள். கதை எதுவும் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நாலு" என்றாள்.

கோர்ட்டின் கண்ணாடி மூக்கிலிருந்து விழுந்தது. ஆனால் கை தவறவில்லை. நால்வரும் ஒன்றாக நாலுக்குப் போனார்கள். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

என் காகிதத்தில் அந்த இடத்துக்கு நாலே ஆவர்த்தனம். நாலும் முடிந்தது. அவள் வாய் திறக்கவில்லை. எட்டு முடிந்தது. அவள் "நாலு" என்று மறுபடி சொன்னாள், அவர்கள் அங்கேயே நின்றார்கள். பன்னிரண்டு. தவமண்ணை கூப்பிட்டிருக்கலாம், அவருக்கு அது ஒரு வார்த்தை. அவர் கூப்பிடவில்லை. இரும்பை மெல்ல அசைத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, எத்தனை நேரமானாலும் சரி என்பதுபோல வாசித்துக்கொண்டிருந்தார். பதினாறு. தட்டு தூக்கி வந்த பெண் நடு வழியில் நின்றுவிட்டாள். சொல்லிவிடு தாயே என்று நான் எனக்குள் கத்தினேன். அவள் எட்டு வயதிலிருந்து வெறுத்த வார்த்தை அது, சொல்வது அத்தனை லேசா என்றும் தோன்றியது.

கோரின் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மைக்கை விட்டு விலகி, தவமண்ணையைப் பார்த்து, மெதுவாக, ஒரு ஆளைக் கூப்பிடுவதுபோல,

"அஞ்சு" என்றாள்.

தவமண்ணையின் கால் பெடலை அழுத்தியது. நால்வரும் போனார்கள். நான் பென்சிலைக் கையில் எடுக்கவே இல்லை, என் முகமெல்லாம் நனைந்திருந்தது, கோழி இறக்கையும் பக்கத்தில் இல்லை மறைத்துக்கொள்ள.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும் முன்பே அவள் ஸ்டீல் கிட்டாரின் அருகே போய்விட்டாள். நான் மேசையை விட்டு எழுந்து பக்கத்தில் ஓடினேன். தவமண்ணை தன் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சிக்ஸுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். "செவனுக்கு? எனக்கு எல்லாம் வேண்டும். வியாழக்கிழமை பஸ்ஸில் சொல்லிக்கொடுங்கள். நாலு பேரும்."

தவமண்ணை தலையைத்தான் ஆட்டினார். பின்னாலிருந்து கோர்ட்தான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆறு" என்றார். "அவசரப்படாதே. நீட்டிச் சொல்."